கழுத்தில் பட்ட பந்து

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நாங்கள் வழக்கமாக ஆடும் ஒன்பது குழி மைதானத்தில் மூன்றாவது குழி. இன்னும் 120 மீட்டர் தூரம்தான். என் மச்சான் எட்டாம் நம்பர் இரும்பு மட்டையை எடுத்தார். நிதானமாக நின்றார், வீசினார். 'டக்' என்று கல்லில் கல் மோதியதுபோல ஒரு சத்தம். நேரே போக வேண்டிய பந்து வலது பக்கமாக முழங்கால் உயரத்தில் சீறிக்கொண்டு பறந்தது.

அந்தப் பக்கம் ஓர் அம்மா குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார். பந்து அவருடைய பிளாஸ்டிக் வாளியில் பட்டது. வாளி கவிழ்ந்து உருண்டது. இரண்டடி தள்ளிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மச்சான் மட்டையைப் போட்டுவிட்டு ஓடினார். கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா கோபப்படவில்லை. "பரவால்லங்க ஐயா. இனிமே நீங்க அடிக்கிறப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் மரத்துக்குப் பின்னால போயிக்கிறேன்" என்றார்.

திட்டியிருந்தால்கூட மச்சான் தாங்கியிருப்பார். இந்த வார்த்தையை அவரால் தாங்க முடியவில்லை. மீதி ஆறு குழிகளுக்கும் மட்டையைத் தொடாமல் எங்களோடு நடந்து மட்டும் வந்தார். காரில் திரும்பும்போதும் பேச்சு இல்லை. லாயாங் லாயாங் சாலைப் பலகை தெரிந்ததும் ஒரே ஒரு வாக்கியம்: "மட்டையெல்லாம் வித்துடுறேன் மச்சான்."

தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பணி ஓய்வுக்குப் பிறகு இரத்த அழுத்தம், தூக்கமின்மை, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் சலிப்பு என்று வாடிக்கிடந்த மனிதரை நான்தான் இந்த ஆட்டத்துக்கு இழுத்து வந்தேன். இரண்டு வருடமாக வாரம் தவறாமல் எட்டுக் கிலோமீட்டருக்குக் குறையாமல் நடக்கிறார். அதை விட்டுவிட்டால் மறுபடியும் நாற்காலிதான். அதனால் விற்க விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

இந்தப் பக்கத்தில் நான் கோல்ஃப் பற்றி எழுதும்போதெல்லாம், "அது பணக்காரர் விளையாட்டாயிற்றே, நமக்கு எதற்கு?" என்று சில வாசகர்கள் கேட்பதுண்டு. தோட்டத்துத் துரைமார்கள் ஆடிய காலத்திலும் நம்மவர்கள் மைதானத்தில் இருந்தார்கள். புல் வெட்டினார்கள், பந்து பொறுக்கினார்கள், மட்டைப் பை தூக்கினார்கள். பை தூக்குகிறவருக்கு ஆங்கிலத்தில் 'கேடி' என்று பெயர். தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். சிறுவயதில் நான் கேடி வேலைக்குப் போவதாகச் சொன்னபோது என் பாட்டி தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் அந்த வேலையிலிருந்து உயர்ந்தவர்கள் உண்டு. பெங்களூரில் கேடியாக இருந்த சின்னசாமி முனியப்பா 2009-ஆம் ஆண்டு இந்தியன் ஓப்பன் பட்டத்தையே வென்றார். நம் நாட்டில் பி. குணசேகரனும் எம். ராமையாவும் தொழில்முறை ஆட்டக்காரர்களாக ஆசியச் சுற்றில் ஆடியதை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே இது நமக்கு அந்நிய விளையாட்டு அல்ல.

சரி, மச்சானுக்கு வந்த நோய்க்கு வருவோம். அதன் பெயர் ஷாங்க். பழைய பிரிட்டிஷ்காரர்கள் சாக்கெட் என்பார்கள். பல ஆட்டக்காரர்கள் இந்தச் சொல்லை வாயால் உச்சரிக்கவே மாட்டார்கள். இரவில் பாம்பின் பெயரைச் சொல்லாமல் 'பூச்சி' என்கிறோமே, அதுபோல.

இரும்பு மட்டையை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். பந்தைத் தொட வேண்டிய தட்டையான பகுதி முகம். அந்த முகத்தின் உள் ஓரத்தில், தண்டு வந்து சொருகும் உருண்டையான பகுதி கழுத்து. முகத்தின் நடுவில் பட்டால் பந்து நேரே போகும். கழுத்தில் பட்டால், உருளையில் மோதிய கோலிக்குண்டுபோல வலது பக்கம் தெறிக்கும். (இடது கை ஆட்டக்காரர்களுக்கு இடது பக்கம்.) முகத்தின் நடுவுக்கும் கழுத்துக்கும் உள்ள இடைவெளி இரண்டு விரல் அகலம்தான். பந்தின் குறுக்களவே 42.67 மில்லிமீட்டர். அதாவது, பந்தின் அகலத்தைவிடக் குறைவான தவறு போதும், அருமையான அடி ஆபத்தான அடியாகிவிடும்.

இந்த உண்மைதான் நோயாளிக்கு முதல் ஆறுதல். ஷாங்க் அடிப்பவர் ஆடத் தெரியாதவர் அல்ல. அவருடைய மட்டை வேகமாகத்தான் வருகிறது, சரியான உயரத்தில்தான் வருகிறது. நின்ற இடத்தைவிட இரண்டு விரல் வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கும் இது வந்திருக்கிறது. 1964-ஆம் ஆண்டு அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தில் மாஸ்டர்ஸ் போட்டி. முந்திய ஆண்டின் வெற்றியாளர் ஜாக் நிக்லஸ் 12-ஆவது குழியில் நிற்கிறார். அருகே ஒரு வண்டியில் இருந்து, அந்த மைதானத்தை உருவாக்கிய பாபி ஜோன்ஸும் கிளிஃபர்ட் ராபர்ட்ஸும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நிக்லஸ் அடித்த பந்து கழுத்தில் பட்டு அந்த இரண்டு பெரியவர்கள் இருந்த பக்கமே பறந்தது. அந்த ஆண்டு ஆர்னால்ட் பாமர் வென்றார். நிக்லஸ் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

எட்டு ஆண்டு கழித்து, 1972 ஜனவரியில், பெபிள் பீச்சில் நடந்த பிங் கிராஸ்பி போட்டியின் கடைசி நாள். இளைஞர் ஜானி மில்லர் வெற்றியை நெருங்கிக்கொண்டிருந்தார். 16-ஆவது குழியில் அவருக்கு ஷாங்க் வந்தது. கடைசியில் நிக்லஸோடு சமநிலையாகி, கூடுதல் ஆட்டத்தில் தோற்றார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் அதே மில்லர் ஓக்மான்ட்டில் அமெரிக்க ஓப்பனின் கடைசிச் சுற்றை 63 அடிகளில் முடித்துப் பட்டம் வென்றார். பெரும் போட்டிகளில் அதற்கு முன்பு யாரும் ஒரு சுற்றை 63-இல் முடித்ததில்லை. இந்தக் கதையை மச்சானிடம் சொன்னேன். "அவரு மில்லரு, நான் கிராணி" என்றார்.

கதை போதாது, வைத்தியம் வேண்டும். மறுநாள் மாலை அவர் வீட்டுக்குப் பின்னால் உள்ள புல்தரையில் ஆரம்பித்தோம். வீட்டு வேலியைத் தாண்டினால் செம்பனை மரங்கள்தான். ஆள் நடமாட்டம் இல்லை என்று பார்த்துக்கொண்டோம். என் அத்தை, அதாவது மச்சானின் அம்மா, பின்வாசல் படியில் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தார்.

முதல் வேலை சோதனை. வலது பக்கம் பறக்கும் எல்லாப் பந்தும் ஷாங்க் அல்ல. மட்டை முகத்தின் வெளி நுனியில் பட்டாலும் பந்து வலது பக்கம் போகும். ஒன்றில் மட்டை வெளியே போகிறது, மற்றதில் உள்ளே வருகிறது. வைத்தியம் நேர் எதிரானது. தப்பான மருந்தைக் கொடுத்தால் நோய் முற்றும். நண்பர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லி ஆட்டக்காரரைக் குழப்புவது இங்கேதான். அதனால் யார் பேச்சையும் கேட்காமல் மட்டையைக் கேளுங்கள். மட்டையின் முகத்தைத் துடைத்துவிட்டு, முகத்துக்குப் பூசும் பவுடரை மெல்லிதாகத் தடவுங்கள். ஒரு பந்து அடியுங்கள். பட்ட இடத்தில் பவுடர் அழிந்து வட்டமாக அடையாளம் தெரியும். ஐந்து பந்து அடியுங்கள், ஒவ்வொரு முறையும் புதிதாகத் தடவுங்கள். மச்சானுக்கு ஐந்தில் இரண்டு கழுத்தில், இரண்டு கழுத்தை ஒட்டி, ஒன்று நடுவில். சந்தேகமே இல்லை, ஷாங்க்தான்.

அடுத்த கேள்வி: மட்டை ஏன் வெளியே போகிறது? பெரும்பாலும் நான்கு காரணங்களில் ஒன்று.

முதலாவது, நிற்கும் தூரம். பந்துக்கு மிக அருகில் நின்றால் கைகளுக்கு இடமில்லாமல் மட்டை வெளியே தள்ளப்படும். மிகத் தள்ளி நின்றாலும் ஆபத்துதான்; எட்டிப் பிடிக்க உடல் முன்னால் விழும். நின்றபடி பாருங்கள்: மட்டையின் கைப்பிடி நுனிக்கும் உங்கள் தொடைக்கும் நடுவே ஓர் உள்ளங்கை நுழையும் இடம் இருந்தால் ஏறக்குறையச் சரி.

இரண்டாவது, பிடியின் இறுக்கம். பயத்தில் மட்டையை நசுக்கிப் பிடிக்கும்போது முழங்கை மடிந்து கை குட்டையாகிறது. வீசும் வேகத்தில் கை தானாக நீள்கிறது. நீண்ட அளவுக்கு மட்டை வெளியே போகிறது. பிடி, கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல இருக்கட்டும்: ஓடவும் கூடாது, சாகவும் கூடாது.

மூன்றாவது, வீச்சின் பாதை. மேலிருந்து இறங்கும்போது வலது தோள் முந்திக்கொண்டு பந்தை நோக்கிப் பாய்ந்தால், மட்டை வெளியே போய் உள்ளே இழுக்கும். புல்லில் விழும் வெட்டு இடது பக்கம் காட்டும். சிலருக்கு இதற்கு நேர்மாறு. மட்டையை முதுகுக்குப் பின்னால் அதிகம் சுற்றிவிட்டு, உள்ளிருந்து வெளியே தள்ளுவார்கள். அப்போது கழுத்துதான் முன்னால் வந்து நிற்கும். வெட்டு வலது பக்கம் காட்டும். ஆகவே பந்து எங்கே போனது என்று பார்த்துப் புலம்புவதற்கு முன், தரையில் விழுந்த வெட்டைப் பாருங்கள்.

நான்காவது, உடல் பந்தை நோக்கிச் சாய்வது. வீச்சின்போது எடை கால்விரல் நுனிக்குப் போகிறது. பின்னால் இருக்க வேண்டிய இடுப்பு முன்னால் வருகிறது. கைகளுக்கு இடம் போய்விடுகிறது. எனக்குத் தெரிந்த வயதான ஆட்டக்காரர்களில் பலருக்கு இதுதான் நோய்.

மச்சானுக்கு இதில் எது? தூரத்தைச் சரி செய்தோம். பிடியைத் தளர்த்தச் சொன்னேன். தரை வெட்டு நேராகத்தான் இருந்தது. ஆனாலும் பந்து வேலிப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது. அரை மணி நேரத்தில் எனக்கே வைத்தியம் தீர்ந்துபோனது.

அப்போதுதான் படியில் இருந்த அத்தை வாய் திறந்தார். முப்பது வருடத்துக்கு மேல் பால் மரம் வெட்டியவர். கோல்ஃப் மட்டையை அன்றுதான் இவ்வளவு நேரம் பார்த்திருப்பார். "என்னடா இவன் மரத்து மேல சாயுற மாதிரி சாயுறான்? அப்படி சாஞ்சா கத்தி உள்ள எறங்கிடும்டா" என்றார்.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். பால் வெட்டியவர்களுக்கு இது புரியும். மெல்லிய பட்டையைத்தான் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது, கொஞ்சம் கூடினால் மரத்துக்குக் காயம், மண்டோரிடம் ஏச்சு. அந்தக் கணக்கைக் கையால் மட்டும் காப்பாற்ற முடியாது. மரத்துக்கும் உடம்புக்கும் உள்ள தூரம் மாறாமல், காலை நகர்த்தி நகர்த்தி மரத்தைச் சுற்றி வருவார்கள். உடம்பு சாய்ந்தால் கத்தியும் சாயும்.

"எங்க சாயுறான் அத்தை?" என்று கேட்டேன்.

"காலப் பாரு. குதிகாலு தூக்கிக்கிது."

பார்த்தேன். உண்மை. பந்தையும் கையையும் மட்டையையும் பார்த்துக்கொண்டிருந்த நான், காலைப் பார்க்கவே இல்லை. மட்டை பந்தைத் தொடும் முன்பே மச்சானின் இரண்டு குதிகாலும் தரையை விட்டு எழுந்துவிட்டன. (வலது குதிகால் அடித்த பிறகு எழுவது இயல்பு. அடிக்கும் முன்பே இரண்டும் எழுவதுதான் நோய்.)

அதற்குப் பிறகு வைத்தியம் சுலபம். மூன்று பயிற்சிகள் கொடுத்தேன். வாசகர்களும் செய்து பார்க்கலாம்.

முதல் பயிற்சி பந்து இல்லாமல். பின்பக்கம் ஒரு நாற்காலியின் முதுகை இடுப்புக்குக் கீழே தொடும்படி வையுங்கள். மட்டையை மெதுவாக, பாதி உயரம் மட்டும் தூக்கி இறக்குங்கள். இறக்கும்போது உடல் நாற்காலியை விட்டு விலகக் கூடாது. ஒரு நாளைக்கு இருபது முறை. தொடர்ந்து கால்விரல்களைக் காலணிக்குள் அசைத்துப் பாருங்கள். விரல் அசைகிறது என்றால் எடை பாதத்தின் நடுவில் இருக்கிறது. அசைக்க முடியவில்லை என்றால் நுனிக்குப் போய்விட்டது.

இரண்டாவது, அட்டைப் பெட்டிப் பயிற்சி. பந்துக்கு வெளிப்புறம், மட்டையின் நுனியிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி, காலி அட்டைப் பெட்டி ஒன்றை வையுங்கள். பிஸ்கட் பெட்டி போதும். பெட்டியைத் தொடாமல் பந்தை அடியுங்கள். மட்டை வெளியே போனால் பெட்டி பறக்கும். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மரக்கட்டை, செங்கல் வைக்காதீர்கள், மணிக்கட்டு போய்விடும்.

மூன்றாவது, இரண்டு பந்துப் பயிற்சி. இரண்டு பந்துகளை அருகருகே, நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். வெளியே உள்ள பந்துக்கு நேராக மட்டையை வைத்து நில்லுங்கள். ஆனால் உள்ளே உள்ள பந்தை மட்டும் அடியுங்கள். மூளைக்கு 'உள்ளே வா' என்று சொல்வதைவிட இது நூறு மடங்கு பலன் தரும்.

எல்லாம் அரை வீச்சில் தொடங்குங்கள். பத்துப் பந்தில் எட்டு, பவுடர் அடையாளம் நடுவில் விழுந்த பிறகுதான் முழு வீச்சு. மச்சானுக்கு இதற்குப் பன்னிரண்டு நாள் ஆனது. பெட்டி மூன்று கிழிந்தது.

ஆட்டத்தின் நடுவே திடீரென்று ஷாங்க் வந்தால் என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். ஆட்ட நாளில் வீச்சை மாற்றப் போகாதீர்கள். பந்தை மட்டை முகத்தின் வெளி நுனிப் பக்கம் இருக்குமாறு வைத்து நில்லுங்கள், எடையைக் குதிகால் பக்கம் கொஞ்சம் வையுங்கள், முக்கால் பலத்தில் அடியுங்கள். குழிக்கு அருகே சின்ன அடியில் ஷாங்க் வருகிறதா? மட்டையை மாற்றி, உருட்டும் மட்டையால் தள்ளிவிடுங்கள். கௌரவம் பார்க்காதீர்கள். அப்புறம், பந்து வலது பக்கம் போகிறதே என்று இடது பக்கம் குறி வைக்காதீர்கள். குறியை இடது பக்கம் மாற்றினால் தோள் இன்னும் வெளியே பாயும், நோய் இரட்டிப்பாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. 46 கிராம் எடைகூட இல்லாத பந்துதான், ஆனால் அருகிலிருந்து கண்ணில் பட்டால் கண் போய்விடும். ஷாங்க் பந்து எதிர்பாராத பக்கம் போவதால் அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒதுங்க நேரம் கிடைக்காது. உடனே 'ஃபோர்!' என்று தொண்டை கிழியக் கத்துங்கள். வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அடி தவறியது வெட்கமில்லை, கத்தாமல் இருந்ததுதான் வெட்கம். கூட ஆடுகிறவர்கள், அடிப்பவருக்கு வலது பக்கம் முன்னால் ஒருபோதும் நிற்காதீர்கள். வேலை செய்பவர்கள் அங்கே இருந்தால், அவர்கள் நிமிர்ந்து நம்மைப் பார்க்கும் வரை அடிக்காதீர்கள். அவர்கள் குனிந்து வேலை செய்வதால்தான் நாம் நிமிர்ந்து நின்று ஆட முடிகிறது.

இரண்டு வாரம் கழித்து அதே மைதானத்துக்குப் போனோம். மூன்றாவது குழி. அதே அம்மா, அதே இடத்தில் வாளியோடு. எங்களைப் பார்த்ததும் எழுந்து மரத்துக்குப் பின்னால் போனார். மச்சான் எதுவும் சொல்லவில்லை. விரல்களைக் காலணிக்குள் அசைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். வீசினார். பந்து குழிக்கு இருபது மீட்டர் முன்னால், கொஞ்சம் இடது பக்கமாக விழுந்தது. பெரிய அடி ஒன்றுமில்லை. ஆனால் நேரே போனது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனோம். இந்த முறை அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. தலையை நிமிர்த்தி, "அடிங்க ஐயா" என்றார். மச்சான் மட்டையைக் கீழே வைத்துவிட்டு அவர் அருகே நடந்து போனார்.

"இல்லம்மா, நீங்க மரத்துக்கு அந்தப் பக்கமே நில்லுங்க. நான் காத்திருக்கிறேன்."

மட்டைகள் விற்பனைக்கு இல்லை.